சறுக்கிய டென்னிஸ் சாம்பியன் மறுபடி உச்சிக்கு வர முடியுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு முன்னாள் நம்பர் ஒன் வரிசையாக மூன்று தொடரில் சீக்கிரம் தோற்றால் போதும், அதே சந்தேகங்கள் கிளம்பிவிடும். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறோம். எளிமையானவை முதலில், வில்லங்கமானவை பின்னால். ரேங்கிங் பாயிண்ட் கணக்குகள் ஆண்களுக்கான ஏடிபி தொடர்களுடையவை. பெண்களுக்கு விதி மாறும் இடத்தில் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

"போன வருஷம் நம்பர் ஒன். இந்த வருஷம் ரெண்டாவது ரவுண்டையே தாண்டல. அவ்வளவுதானா, முடிஞ்சு போச்சா?"

அவசரப்பட வேண்டாம். 2016 ஜூனில் ஜோகோவிச் நான்கு கிராண்ட்ஸ்லாம் பட்டங்களையும் (ஆஸ்திரேலிய, பிரெஞ்சு, அமெரிக்க ஓபன்கள், விம்பிள்டன்) ஒரே நேரத்தில் கையில் வைத்திருந்தார். 2017 ஆஸ்திரேலிய ஓபனில், வைல்டு கார்டில் (ரேங்க் போதாதவருக்குத் தொடர் நடத்துபவர்கள் தரும் சிறப்பு அனுமதி) உள்ளே வந்த இஸ்டோமினிடம் இரண்டாவது ரவுண்டில் தோற்றார். 2018 நடுவில் 22-வது இடம். அதே வருஷம் நவம்பர் 5 அன்று மறுபடி நம்பர் ஒன்.

அகாஸி விழுந்தது இன்னும் ஆழம். 1995-ல் நம்பர் ஒன், 1997 நவம்பரில் 141. 1999-ல் பிரெஞ்சு ஓபன், அமெரிக்க ஓபன் இரண்டையும் ஜெயித்து, வருஷ முடிவில் நம்பர் ஒன்னாக இருந்தார். செரீனா வில்லியம்ஸ் 2011-ல் 175 வரை இறங்கி, 2013 பிப்ரவரியில் முதலிடத்துக்கு வந்தார். ஆனால் இந்த மூன்று பேரை மட்டும் சொல்லி நிறுத்தினால் அது பாதி உண்மைதான். வராமலே போனவர்கள் கீழே இருக்கிறார்கள்.

"திரும்பி வந்துட்டாருன்னு எதை வெச்சு சொல்றீங்க? நம்பர் ஒன் ஆகணுமா, ஒரு கிராண்ட்ஸ்லாம் போதுமா?"

இரண்டும் வேறு வேறு. கிராண்ட்ஸ்லாம் ஜெயிக்க இரண்டு வாரம் நன்றாக ஆடினால் போதும், நம்பர் ஒன் ஆக ஒரு வருஷம் நன்றாக ஆட வேண்டும். சாம்ப்ராஸ் 2000 விம்பிள்டனுக்குப் பிறகு இரண்டு வருஷத்துக்கும் மேலாக ஒரு பட்டம்கூட எடுக்கவில்லை. 2002 விம்பிள்டனில், தகுதிச் சுற்றில் தோற்றும் இடம் காலியானதால் உள்ளே வந்த ஜார்ஜ் பாஸ்டலிடம் தோற்றார். இரண்டு மாதம் கழித்து 17-வது சீடாக (சீட் என்பது தொடர் தொடங்கும் முன் முன்னணி ஆட்டக்காரர்களுக்குத் தரும் வரிசை எண்) அமெரிக்க ஓபனை ஜெயித்தார், அதுவே அவர் ஆடிய கடைசித் தொடர். அவர் 'உச்சிக்குத் திரும்பினார்' என்று சொல்ல முடியாது, ஆனால் அந்தக் கோப்பை அசல் கோப்பை.

நாங்கள் வைத்திருக்கும் அளவுகோல்: கிராண்ட்ஸ்லாம் பட்டம், அதோடு அடுத்த 12 மாதத்துக்குள் முதல் ஐந்து இடத்தில் நிலைப்பது. கறாராகத் தெரியலாம். சாம்பியன் என்ற பெயர் வாங்கியவருக்கு இதைவிடக் குறைத்து அளப்பது அவரையே குறைப்பதாகும் என்பது எங்கள் கருத்து.

"ஆட்டம் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கு. ரேங்கிங் மட்டும் எப்படி இப்படி தடதடன்னு விழுது?"

ரேங்கிங் பாயிண்ட் மொபைல் ரீசார்ஜ் மாதிரி, 52 வாரம்தான் வேலிடிட்டி. இன்றைய கணக்கில் கிராண்ட்ஸ்லாம் சாம்பியனுக்கு 2000, இறுதியில் தோற்றவருக்கு 1300, அரையிறுதிக்கு 800, காலிறுதிக்கு 400, நான்காவது ரவுண்டுக்கு 200, மூன்றாவதுக்கு 100, இரண்டாவதுக்கு 50, முதல் ரவுண்டில் தோற்றால் 10. போன வருஷம் ஜெயித்தவர் இந்த வருஷம் மூன்றாவது ரவுண்டில் தோற்றால் 2000 கழிந்து 100 சேரும். ஒரே திங்கட்கிழமையில் 1900 பாயிண்ட் காலி.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம். பெடரர் 2024-ல் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் தன் கணக்கைச் சொன்னார்: 1526 ஒற்றையர் ஆட்டங்களில் கிட்டத்தட்ட 80 சதவீதம் வெற்றி, ஆனால் ஆட்டங்களுக்குள் ஆடிய பாயிண்டுகளில் 54 சதவீதம்தான் அவருக்கு. அதாவது 100 பாயிண்டில் 54 எடுத்தால் சரித்திரம். அது 51 ஆக இறங்கினால் ஆட்டங்களில் பாதிக்குச் சற்று மேல்தான் ஜெயிப்பீர்கள். நடுவில் இருப்பது வெறும் மூன்று பாயிண்ட். டிவியில் பார்ப்பவருக்கு ஆட்டம் ஒரே மாதிரி தெரிவது இதனால்தான். சரிவு கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது, தண்டனைதான் பெரியது. மீட்சிக்கும் அதே கணக்கு. தொலைந்த அந்த மூன்று பாயிண்ட் எங்கே போனது என்று கண்டுபிடிக்க முடிகிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

"காயமா, மனசா, வயசா? வெளியில இருந்து எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

முழுசாகத் தெரியாது. ஆனால் ஸ்கோர்போர்டில் தடயம் இருக்கும். தோள், முழங்கை பிரச்சினை முதலில் சர்வில் தெரியும். முதல் சர்வின் வேகம் இறங்கும், அதே இடத்துக்கே போகும், செகண்ட் சர்வ் பாதிக் கோர்ட்டில் விழுந்து எதிராளி முன்னே வந்து அடிப்பார், டபுள் ஃபால்ட் (இரண்டு சர்வும் தவறிப் பாயிண்டை இழப்பது) ஏறும். 2008 அக்டோபரில் தோள் ஆபரேஷன் செய்துகொண்ட ஷரபோவா 2009 அமெரிக்க ஓபனில் மெலனி ஊடினிடம் தோற்ற ஆட்டத்தில் 21 டபுள் ஃபால்ட். இடுப்பு, முழங்கால் என்றால் சர்வ் ஓரளவு நிற்கும், ஓட்டம் போய்விடும். ஓரத்துக்கு ஓடிப்போய் அடித்த பிறகு நடுவுக்குத் திரும்ப ஒரு அடி தாமதம், டிராப் ஷாட்டைத் துரத்தாமல் விடுவது, நீண்ட ராலியைத் தவிர்க்க சீக்கிரமே கோட்டோரம் அடித்து வெளியே போக்குவது.

மனசு என்றால் அடி நன்றாகவே இருக்கும். 5-4-ல் செட்டை முடிக்க சர்வ் போடும்போது, பிரேக் பாயிண்டில், டைபிரேக்கில் மட்டும் கை இறுகும். 2015-ல் நடால் இப்படித்தான் இருந்தார். ஆட்டத்தின்போது பதற்றம் வருகிறது என்று அவரே வெளிப்படையாகச் சொன்னார். வயசு வேறு விதம்: ஒரு நாள் பிரமாதமாக ஆடுவார், ஐந்து செட் ஆட்டத்துக்கு அடுத்த ஆட்டத்தில் கால் வராது. நாலாவது ஒன்றும் உண்டு. பசி போய்விடுவது. விலாண்டர் 1988-ல் மூன்று கிராண்ட்ஸ்லாம் ஜெயித்து நம்பர் ஒன் ஆனார். அதன்பின் ஒரு கிராண்ட்ஸ்லாம் இறுதிக்குக்கூட வரவில்லை. இதற்கு மருந்து எந்த கோச்சிடமும் கிடையாது.

"ஆபரேஷன் பண்ணிக்கிட்டா சரியாயிடும்தானே?"

எந்த மூட்டு என்பதைப் பொறுத்தது. முழங்கையில் சின்ன ஆபரேஷன் என்றால் வாய்ப்பு நல்லது. ஜோகோவிச் 2018 பிப்ரவரியில் செய்துகொண்டார், ஜூலையில் விம்பிள்டன் ஜெயித்தார். தோள் கஷ்டம், ஏனென்றால் சர்வின் அசைவையே மாற்ற வேண்டி வரும். ஷரபோவா சுருக்கிய அசைவில் ஆடிப் பார்த்து, பழைய நீண்ட அசைவுக்கே திரும்பினார். 2012 பிரெஞ்சு ஓபனும் முதலிடமும் வர மூன்று வருஷம் ஆனது.

மணிக்கட்டில் எந்தக் கை என்று பாருங்கள். டெல் போட்ரோவுக்கு இடது மணிக்கட்டு. வலது கை ஆட்டக்காரர் என்பதால் பாதிக்கப்பட்டது இரண்டு கை பேக்ஹேண்ட்தான். 2016-ல் அதற்குப் பதில் ஒரு கையால் பந்தை வெட்டி அடிக்கும் ஸ்லைஸ் போட்டே ஆடினார். ரேங்க் 1000-க்கும் கீழே கிடந்தவர், ரியோ ஒலிம்பிக்கில் ஜோகோவிச்சையும் நடாலையும் வீழ்த்தி வெள்ளி எடுத்தார், 2018-ல் 3-வது இடம் வரை போனார். தீமுக்கு 2021 ஜூனில் வலது மணிக்கட்டு போனது. அவருடைய பெரிய ஆயுதமே அந்தக் கையால் சுழற்றி அடிக்கும் ஃபோர்ஹேண்ட். மறைத்து ஆட வழியில்லை. 2024-ல் வியன்னாவில் விடைபெற்றார்.

முழங்கால் முதல் முறை பிழைக்கலாம், இரண்டாவது முறை சந்தேகம். பெடரர் 2016-ல் ஒரு ஆபரேஷனுக்குப் பிறகு மூன்று கிராண்ட்ஸ்லாம் ஜெயித்தார். 2020-ல் மறு முழங்காலில் இரண்டு ஆபரேஷன், 2021 விம்பிள்டன் காலிறுதியில் ஹுர்காச்சிடம் கடைசி செட் 6-0, அதோடு ஒற்றையர் ஆட்டம் முடிந்தது. இடுப்பு எல்லாவற்றிலும் மோசம். முர்ரே 2019 ஜனவரியில் இடுப்பு மூட்டில் உலோகம் பொருத்திக்கொண்டு அந்த அக்டோபரிலேயே ஆன்ட்வெர்ப்பில் பட்டம் ஜெயித்தது மருத்துவ ரீதியில் பெரிய விஷயம். ஆனாலும் அதன்பின் எந்த கிராண்ட்ஸ்லாமிலும் மூன்றாவது ரவுண்டைத் தாண்டவில்லை.

"கோச்சை மாத்தினா போதுமே. ஏன் இவ்வளவு யோசிக்கிறாங்க?"

சில சமயம் போதும். செரீனா 2012 பிரெஞ்சு ஓபனில் முதல் ரவுண்டிலேயே ரசானோவிடம் தோற்ற பிறகு கோச் முராடக்லுவிடம் போனார். அந்த வருஷமே விம்பிள்டன், ஒலிம்பிக் தங்கம், அமெரிக்க ஓபன். நடால் 2016 முடிவில் மோயாவைச் சேர்த்துக்கொண்டார், 2017-ல் இரண்டு கிராண்ட்ஸ்லாமும் முதலிடமும் வந்தன.

ஆனால் ஜோகோவிச் கதை தலைகீழ். 2017 மே மாதம் பழைய குழுவையே கலைத்தார், பெரிய பெயர்களைக் கொண்டுவந்தார், சரியாகவில்லை. 2018 ஏப்ரலில் பழைய கோச் வய்டாவிடமே திரும்பினார். சாம்ப்ராஸும் 2002-ல் பழைய கோச் அன்னகோனைத்தான் திரும்ப அழைத்தார். புது ஆள் புதிதாக ஒன்றைச் சொல்வார், பழைய ஆளுக்கோ நீங்கள் நன்றாக ஆடியபோது எப்படி ஆடினீர்கள் என்பது தெரியும். உடம்பு சரியாகாதபோது இருவராலும் ஒன்றும் ஆகாது. கோச் மாற்றம் பலித்தது என்று சொல்லப்படும் பல இடங்களில் அதே நேரம் காயமும் ஆறியிருக்கும்.

"ராக்கெட்டை மாத்தினா பலன் உண்டா, இல்ல விளம்பரமா?"

உண்டு, ஆனால் பொறுமை வேண்டும். பெடரர் 90 சதுர அங்குல ராக்கெட்டில் ஆடியவர். அவ்வளவு சின்ன முகத்தில், தோளுயரத்துக்கு எழும்பும் பந்தை ஒற்றைக் கை பேக்ஹேண்டில் நடுவில் பிடிக்கவில்லை என்றால் பந்து குட்டையாக விழும். நடால் வருஷக்கணக்கில் அந்த இடத்தைத்தான் குறிவைத்தார். 2014-ல் 97-க்கு மாறினார். பலன் முழுசாகத் தெரிந்தது 2017 ஆஸ்திரேலிய ஓபன் இறுதியில். ஐந்தாவது செட்டில் 1-3 என்று பின்தங்கியிருந்தவர் பேக்ஹேண்டைத் தட்டையாக, சீக்கிரமாக அடித்தே 6-3 என்று முடித்தார். மூன்று வருஷம் ஆகியிருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

மாற்றாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு போர்க். 1991-ல் மான்டி கார்லோவில் மர ராக்கெட்டோடு திரும்பி வந்தார், மற்றவர்கள் எல்லாம் கிராஃபைட்டில் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஜோர்டி அரேஸிடம் 6-2, 6-3. அடுத்த இரண்டு வருஷம் ராக்கெட்டை மாற்றியும் தொடர் ஆட்டங்களில் ஒரு வெற்றிகூடக் கிடைக்கவில்லை. அதற்குள் ஆட்டமே மாறிவிட்டிருந்தது.

"ரேங்க் 100-க்கு வெளியில போயிட்டா கிராண்ட்ஸ்லாம்ல எப்படி ஆட விடுவாங்க?"

128 பேர் ஆடும் பட்டியலில் 104 பேர் ரேங்கிங் வழியாக வருவார்கள், 16 பேர் தகுதிச் சுற்று வழியாக, 8 பேர் வைல்டு கார்டில். பெரிய பெயர் என்றால் வைல்டு கார்டு கிடைக்கும். 2001-ல் 125-வது இடத்தில் இருந்த இவானிசெவிச் அப்படி வந்துதான் விம்பிள்டனையே ஜெயித்தார்.

காயத்தால் விலகியவருக்கு ப்ரொடெக்டட் ரேங்கிங் உண்டு, அதாவது தொடருக்குள் நுழைய மட்டும் பழைய ரேங்க் எண்ணைப் பயன்படுத்தலாம். குறைந்தது 6 மாதம் ஆடாமல் இருந்திருக்க வேண்டும். விலகிய முதல் 3 மாதத்தின் சராசரி ரேங்க்தான் அந்த எண். 6 முதல் 12 மாதம் வரை வெளியே இருந்தவர் அதை 9 தொடர் அல்லது 9 மாதத்துக்குப் பயன்படுத்தலாம். 12 மாதத்துக்கு மேல் என்றால் 12 தொடர் அல்லது 12 மாதம். காயமே இல்லாமல் சும்மா தோற்று விழுந்தவருக்கு இது கிடையாது. அவருக்கு வைல்டு கார்டு, இல்லையென்றால் சாலஞ்சர் எனும் கீழ்நிலைத் தொடர். அகாஸி 1997 நவம்பரில் லாஸ் வேகாஸ், பர்பேங்க் சாலஞ்சர்களில் போய் ஆடினார். முதலாவதில் இறுதியில் தோற்றார், இரண்டாவதை ஜெயித்தார்.

"ப்ரொடெக்டட் ரேங்கிங் இருந்தும் முதல் ரவுண்டுலயே பெரிய ஆளோட மோத விடுறாங்களே, இது நியாயமா?"

அந்த எண் உள்ளே நுழையத்தான், சீடிங்குக்கு இல்லை. 32 சீடுக்குள் இருந்தால் முதல் இரண்டு ரவுண்டில் இன்னொரு சீடைச் சந்திக்க மாட்டீர்கள். சீட் இல்லையென்றால் குலுக்கலில் யாரும் வரலாம். 2024 பிரெஞ்சு ஓபனில் நடால் இப்படித்தான் முதல் ரவுண்டில் 4-வது சீட் ஸ்வெரெவிடம் மாட்டினார், நேர் செட்டில் தோற்றார். 14 முறை ஜெயித்தவருக்கு இந்தக் கதி என்று பலருக்குக் கோபம். விதி எங்களுக்குச் சரியாகவே படுகிறது. அந்த 32 இடமும் அந்த வருஷம் ஆடிச் சம்பாதித்தவர்களுடையது.

பெண்கள் பக்கம் இதே சர்ச்சை 2018-ல் செரீனாவால் வந்தது. பிரசவத்துக்குப் பின் பிரெஞ்சு ஓபனில் சீட் கொடுக்கவில்லை. விம்பிள்டன் 183-வது ரேங்கில் இருந்தவருக்கு 25-வது சீட் கொடுத்தது, அவர் இறுதிவரை போனார்.

"குழந்தை பெத்த பிறகு மறுபடி சாம்பியன் ஆனவங்க இருக்காங்களா?"

இருக்கிறார்கள். மார்கரெட் கோர்ட் 1973-ல் மூன்று கிராண்ட்ஸ்லாம், ஈவான் கூலகாங் 1980 விம்பிள்டன். கிளைஸ்டர்ஸ் 2007-ல் ஓய்வு பெற்றார், 2008-ல் மகள் பிறந்தாள், 2009 அமெரிக்க ஓபனில் ரேங்கே இல்லாமல் வைல்டு கார்டில் வந்து ஜெயித்தார், 2011 பிப்ரவரியில் நம்பர் ஒன்னும் ஆனார். இவருக்கு ஒரு சாதகம்: தோற்றுத் தோற்று விலகியவர் அல்ல, தானே முடிவெடுத்துப் போனவர். செரீனா 2018, 2019-ல் நான்கு இறுதிக்கு வந்து நான்கிலும் தோற்றார். ஒசாகா 2024-ல் திரும்பி, 2025 அமெரிக்க ஓபனில் அரையிறுதி வரை வந்தார்.

"மொத்தமா எவ்வளவு நாள் ஆகும்?"

ஜோகோவிச்சுக்கு ஆபரேஷனிலிருந்து முதலிடம் வரை 9 மாதம். பெடரருக்கு 2017 ஜனவரியில் 17-வது இடத்திலிருந்து 2018 பிப்ரவரி வரை, 13 மாதம். அகாஸிக்கும் செரீனாவுக்கும் ஒன்றரை வருஷத்துக்கு மேல். ஷரபோவாவுக்கு மூன்று வருஷம்.

ஜோகோவிச் அவ்வளவு வேகமாக ஏறியதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 52 வார வேலிடிட்டியை நினைவில் வையுங்கள். 2017 விம்பிள்டனில் முழங்கை வலியால் பாதி ஆட்டத்தில் விலகி, அந்த வருஷத்தையே மூடிவிட்டார். ஆகவே 2018 விம்பிள்டனுக்குப் பிறகு அவருக்குக் கழிய வேண்டிய பாயிண்ட் ஒன்றும் இல்லை. சின்சினாட்டி 1000, அமெரிக்க ஓபன் 2000, ஷாங்காய் 1000, பாரிஸ் இறுதிக்கு அன்றைய கணக்கில் 600, எல்லாமே நிகர வரவு. காயத்தோடு இழுத்துப் பறித்து ஆடிப் பாயிண்டைக் காப்பாற்றுவதைவிட, கடையை மூடிவிட்டுப் போவது பல சமயம் லாபம்.

"30 தாண்டினவர் இதெல்லாம் செய்ய முடியுமா?"

அகாஸி 33 வயதில், பெடரர் 36 வயதில் முதலிடத்தில் இருந்திருக்கிறார்கள். எப்படி என்றால் குறைத்து ஆடித்தான். பெடரர் 2017-ல் களிமண் தொடர்கள் அத்தனையையும் விட்டுவிட்டுப் புல்தரைக்கு வந்தார். விம்பிள்டனை ஒரு செட்கூட விடாமல் ஜெயித்தார். பாயிண்டைச் சீக்கிரம் முடிக்கும் ஆட்டக்காரருக்கு இது ஒத்துவரும். ஓடி ஓடித் திருப்பி அடிப்பதையே பலமாக வைத்திருப்பவர் 30-க்கு மேல் சர்வை வளர்க்கவில்லை என்றால் கஷ்டம்.

"ஒரு சின்ன தொடர் ஜெயிச்சதுமே 'வந்துட்டான்'னு கொண்டாடுறாங்க. நம்பலாமா?"

சின்னத் தொடரைக் கேலி செய்ய வேண்டாம். 1998-ல் அகாஸி ஒரு கிராண்ட்ஸ்லாமிலும் நான்காவது ரவுண்டைத் தாண்டவில்லை, ஆனால் சின்னதும் நடுத்தரமுமாக ஐந்து பட்டம் எடுத்து 6-வது இடத்தில் வருஷத்தை முடித்தார். கிராண்ட்ஸ்லாம் அடுத்த வருஷம்தான் வந்தது.

நம்பலாமா என்பதற்குக் கோப்பையைவிட மூன்று எண்களைப் பாருங்கள். செகண்ட் சர்வில் பாதிக்கு மேல் பாயிண்ட் எடுக்கிறாரா? எதிராளியின் செகண்ட் சர்விலும் பாதிக்கு மேல் எடுக்கிறாரா? முதல் பத்து இடத்தில் இருப்பவரோடு கடைசி செட் வரை போனால் ஜெயிக்கிறாரா? மேலே சொன்ன 54-க்கும் 51-க்கும் நடுவில் தொலைந்தது பெரும்பாலும் இந்த மூன்றில்தான் கிடக்கும். முதலிரண்டும் ஐந்தாறு தொடர் நிலைத்து, மூன்றாவது மட்டும் சரியில்லை என்றால் அவசரப்பட்டுக் கைவிட வேண்டாம். 2018 விம்பிள்டன் அரையிறுதியில் ஜோகோவிச் நடாலை இரண்டு நாள் ஆடி ஐந்தாவது செட்டில் 10-8 என்று ஜெயிக்கும் வரை அவருக்கும் அந்த மூன்றாவது எண் சரியில்லாமல்தான் இருந்தது. சில வாரங்களுக்கு முன் பிரெஞ்சு ஓபன் காலிறுதியில் செக்கினாட்டோவிடம் தோற்றபோது, புல்தரையில் ஆடுவேனா என்றே தெரியாது என்று சொல்லிவிட்டுப் போனவர் அவர்.